ஏலத்தில் திரும்பி வந்த வைட்டமின்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறை. அதன் உலை முன்னால் கால் நூற்றாண்டு நின்றவர் ஜெயராஜ். எனக்குப் பெரியப்பா மகன், அதனால் அண்ணன். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை. அதற்கு வேண்டியது பலமான முதுகு. முதுகு போன பிறகு வேண்டியது வலி மாத்திரை. முதலாளி அந்த விஷயத்தில் தாராளமானவர். பட்டறையின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்காது, பிளாஸ்திரி இருக்காது, வலி மாத்திரை மட்டும் ஒருநாளும் தீர்ந்ததில்லை. ஷிப்டுக்கு ஒன்று என்று தொடங்கியது, பிறகு டீக்கு ஒன்று என்று ஆனது. தண்ணீர் குடிக்க அடிக்கடி நகர்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்பதால், மாத்திரையை எச்சிலோடு விழுங்கும் வித்தையும் அண்ணனுக்குக் கைவந்தது. ஆட்களுக்கு ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. உலையின் சூட்டை மட்டும் தவறாமல் பார்த்தார்கள். உலை விலை அதிகம்.

அப்படியாக, பட்டறையில் ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்பே அண்ணனின் இரண்டு கிட்னியும் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டன. பட்டறை அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தது. டயாலிசிஸ் ஆரம்பித்தவனுக்குக் கடிகாரம் மிகப் பொருத்தமான பரிசுதான்.

செவ்வாயும் வெள்ளியும் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலில் வீரராகவன். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் நிலமும் மோட்டார் கிணறும் உள்ளவர். ஒரு காலத்தில் எங்கள் தாத்தா நாற்றுப் பறித்தது அவருடைய தாத்தாவின் வயலில். டீக்கடையில் தனித்தனியாக உட்கார்ந்த இரண்டு குடும்பங்களின் வாரிசுகள், அரசாங்கத்தின் புண்ணியத்தில் ஒரே ஏசிக்குக் கீழே, ஒரே தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயில், அக்கம்பக்கமாகப் படுத்திருந்தார்கள். சமூகநீதி வரும், கொஞ்சம் உடம்பு கெட வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னாப்பா ஜெயராஜு, இன்னிக்கு எவ்ளோ தண்ணி ஏத்திக்கினு வந்துகீற?" என்பார் வீரராகவன். கிட்னி வெளியேற்றாத தண்ணீர் உடம்பில் தங்கி எடை கூட்டும், அதை மெஷின்தான் இறக்க வேண்டும்.

"உங்க கெணத்துல இருக்கறத விட கம்மிதான் நைனா."

"எங் கெணத்துல எங்க கீது தண்ணி? எல்லாம் எங் கால்லதான் கீது."

வீட்டுச் சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்னி போனவர்களுக்குக் காய்கறியை அப்படியே போடக் கூடாது. வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்ட வேண்டும். கிட்னி இல்லாத உடம்புக்கு ஆகாத பொட்டாசியம் போகும், கூடவே சத்தும் ருசியும் போகும். முத்தம்மா அண்ணி அந்தத் தண்ணீரை எல்லாம் கொல்லைப் பக்கம் ஊற்றினார். அங்கே ஒரு வாழை நின்றது. கேரட் தண்ணீர், பீன்ஸ் தண்ணீர், முள்ளங்கித் தண்ணீர் என்று வேளாவேளைக்குக் குடித்து, அந்த வாழை தடித்துக் கொழுத்து, ஆள் உயரம் தாண்டி நின்றது. அந்த வீட்டில் எல்லா வைட்டமினும் சரியான அளவில் இருந்த ஒரே ஜீவன் அதுதான். அண்ணனுக்கு வாழைப்பழம் ஆகாது என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது. டாக்டர் ஈஸ்வரியிடம் நேராகவே கேட்டார்.

"மேடம், நெருப்பு முன்னாடி நின்னவன் நானு. வெயில்ல பொறந்து வெயில்லயே கருத்தவன். எனக்குப் போய் வெயில் சத்து கம்மியா?"

"வெயில் தோல்ல பட்டா பாதி வேலைதாங்க முடியும். மீதி வேலைய கிட்னி செஞ்சாதான் அந்தச் சத்து உடம்புக்கு ஆகும். உங்க கிட்னி வேலைக்கு வர்றதில்லையே. அதனால செஞ்சு முடிச்ச சரக்காவே நான் தர்றேன். இந்தச் சின்ன மாத்திரை ஒண்ணு போதும். வேற எதுவும் வேணாம்."

வேற எதுவும் வேணாம் என்ற வாக்கியம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வைட்டமின் கம்மி என்பது மட்டும் தாண்டிவிட்டது. அண்ணி அதை ஜெபக் கூட்டத்தில் சொன்னார். முன்பு கிட்னி ரிப்போர்ட்டில் இருந்த கிரியாட்டினின் என்று சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு ஆமென் போட்ட சபையார், வைட்டமின் என்றதும் கண்ணைத் திறந்தார்கள். கிரியாட்டினின் டாக்டர்கள் சொத்து. வைட்டமின் பொதுச் சொத்து. அதில் எல்லோருக்கும் கருத்து உண்டு, எல்லோருக்கும் வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரரும் உண்டு.

மஸ்கட்டில் இருக்கும் என்னையும் சேர்த்து, வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஊர் நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் நாலைந்து பேரை மனசுக்குள் அடக்கம் செய்துவிடுவோம். அந்தப் பயத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், கடைக்குப் போய் எதையாவது வாங்கிப் பெட்டியில் போடுவது. பெட்டி கனத்தால் மனசு லேசாகும். குவைத்தில் இருக்கும் அன்புசெல்வன், அண்ணியின் தம்பி, இந்த வைத்தியத்தில் கைதேர்ந்தவன். ஒரு வாரத்துக்குள் ஆள் மூலம் அனுப்பிவிட்டான். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் டி தனியாக, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு என்று எல்லா வைட்டமினும் போட்டது ஒன்று. அதன் டப்பாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கடற்கரையில் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குக் கிட்னி இருந்திருக்கும்.

"கவர்மெண்டு மாத்திர உளுந்து கணக்கா கீது," என்றார் அண்ணி. "அன்பு அனுப்பிச்சத பாரு, ஈச்சங்கொட்ட மாதிரி கீது. எதுல சத்து இருக்கும்னு நீயே சொல்லுய்யா."

"பெருசுலதான்," என்றார் அண்ணன். அளவை வைத்து ஒரு பொருளை மதிப்பிடுவது வார்ப்புப் பட்டறைப் பழக்கம்.

பார்க்க வருகிறவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. முன்பெல்லாம் ஆரஞ்சும் இளநீரும் கொண்டுவந்து, அதெல்லாம் கூடாது என்று திட்டு வாங்கியிருந்தார்கள். எது கூடும் என்று தெரியாமல் பேஜாராகி இருந்தவர்களுக்கு வைட்டமின் பெரிய விடுதலை. டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸில் இருந்த பொம்மைகள் எல்லாம் பரணுக்குப் போயின. டப்பாக்கள் உயரவாரியாக நின்றன. வந்தவர்கள் அவரவர் டப்பாவைத் தேடிப் பார்த்து, அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆட்டியும் பார்த்தார்கள். ஆகவே அண்ணன் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். ஒருவர் மனசும் புண்படக் கூடாது.

இதற்கிடையில் பெரிய விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க அண்ணி முன்வந்திருந்தார். மகள் ஷைனிக்கு ரத்த வகை சேரவில்லை. தேர்வாய் கண்டிகையில் மோட்டார் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போய்வருகிற பெண். ரிப்போர்ட்டை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். அண்ணிக்குச் சேர்ந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில், இவர்தான் மனைவி என்று நிரூபிக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் வீதிக்கே கேட்கும்படி போட்ட சண்டையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். கல்யாணப் போட்டோ வேண்டுமாம். போட்டோவில் அண்ணன் ஒல்லியாக, மீசையோடு இருந்தார். அதிகாரி போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "உலைல போட்டு எடுத்தா அப்பிடித்தான் சார் ஆவும்," என்றார் அண்ணி. கையெழுத்து ஆனது. தேதியும் கொடுத்தார்கள்.

தேதி நெருங்க நெருங்க அண்ணனுக்கு உடம்பு ஒரு மாதிரி ஆனது. தலைவலி, வாந்தி, தீராத தாகம். கையில் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. தலையணையில் முடி கொட்டியது. உடம்பெல்லாம் அரிப்பு. தெருவில் ஆளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

"பழைய தோலு போயி புதுத் தோலு வருது," என்றார் எதிர்வீட்டு ஆரோக்கியமேரி. "சத்து ஏறினா அப்பிடித்தான் கீழ இருக்கறது மேல வரும்."

"அப்போ முடி?"

"அதுவும் புதுசா வரும்."

அண்ணன் அதை நம்பி, அரிக்கும்போதெல்லாம் குணமாகிக்கொண்டிருப்பதாகச் சந்தோஷப்பட்டார்.

சென்னையில் சந்தோஷப்படவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின சோதனையில் ரத்தத்தில் கால்சியம் ஏறி நின்றது. ஏன் என்று அங்கிருந்த பெரிய டாக்டருக்கும் புரியவில்லை.

"ஆஸ்பத்திரி மாத்திரை தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

அண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. மாத்திரை என்பது வியாதிக்குச் சாப்பிடுவது, கசப்பது, டாக்டர் எழுதுவது. வைட்டமின் அப்படியா? அது சத்து. ஹார்லிக்ஸ் குடிக்கிறவனிடம் மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டால் என்ன சொல்லுவான்?

கழுத்தில் ஒரு சுரப்பி கெட்டிருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். சுரப்பி நன்றாக இருந்தது. ரத்தத்தில் ஏதாவது பெரிய வியாதியோ என்று தேடினார்கள். அதுவும் இல்லை. திருவள்ளூரில் டாக்டர் ஈஸ்வரியும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைத்தான் வாங்கினார். கடைசியில் பெரிய டாக்டர் கையை விரித்தார்.

"கால்சியம் இறங்காம ஆபரேஷன் கிடையாது. இன்னொரு விஷயமும் சொல்லிடுறேன். உங்க மனைவிக்கு பிரஷர் ஓரத்துல நிக்குது. இன்னும் கொஞ்சம் ஏறினா அவங்க கிட்னிய எடுக்க மாட்டோம். சீக்கிரம் இறங்கினா உங்களுக்கு நல்லது."

வேறு கொடுக்கிறவர் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அண்ணனுக்குக் கால்சியம் இறங்க வேண்டும், அது இறங்குவதற்குள் அண்ணிக்குப் பிரஷர் ஏறக் கூடாது. இரண்டு பேரும் மின்சார ரயிலில் திருவள்ளூர் திரும்பினார்கள். வேப்பம்பட்டு தாண்டியதும் அண்ணி ஒரு வார்த்தை சொன்னாராம்.

"ஒடம்புல தெம்பில்ல உனுக்கு. அதான் கால்சியம் ஏறிக்கினு கீது. வைட்டமின விடாம துன்னு."

ஐப்பசி கடைசியில் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் ஆட்களில் நெல் அறுக்கிறவர் இப்போது யாரும் இல்லை. அறுப்பதெல்லாம் தகடும் குழாயும்தான். பண்டிகையை மட்டும் விடவில்லை. வீட்டில் இருப்பதில் உயர்ந்ததைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் வைப்பார்கள். பூசணிக்காய், கோழி, கரும்பு, கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த எவர்சில்வர் டிபன் கேரியர் எல்லாம் வரும். பாஸ்டர் ஜெபித்து ஆசீர்வதித்த பிறகு வாசலில் ஏலம். ஏலம் எடுத்தவருக்கு ஆசீர்வாதம் கூடவே போகும்.

"இந்த தபா இன்னா வெக்கிறது?" என்றார் அண்ணன். "கோழி கூட இல்ல."

அண்ணி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஷோகேஸில் போய் நின்றது. "நம்ம ஊட்லயே ஒசந்தது அதுதான்யா. பிரிக்காதது நாலு டப்பா கீது. ஆபரேஷன் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கினு வெச்சிரலாம்."

யோசித்துப் பார்த்தால், அந்த வருஷம் கர்த்தர் கண்ணைத் திறந்த ஒரே நேரம் அது. அந்த டப்பாக்கள் அப்படியே போயிருந்தால், பிரித்தவை தீர்ந்ததோடு கதை முடிந்திருக்கும். சபை விடவில்லை.

ஏலம் விட்டது லோகு. சபைக் கமிட்டியில் இருப்பவன், வாரநாளில் பழைய இரும்புக் கடை. பூசணிக்காயை ஐந்து நிமிஷத்தில் தள்ளிவிட்டு, முதல் டப்பாவைத் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கோங்க! குவைத் சரக்கு! பிரிக்காத டப்பா! நம்ம ஜெயராஜு அண்ணன் தன் உயிருக்குன்னு வெச்சிருந்தத ஆண்டவருக்குக் குடுத்திருக்காரு! இதுக்கு மேல ஒரு காணிக்கை உண்டா? கேளுங்க, கேளுங்க!"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் கையைத் தூக்கினார்கள். தன்னிடமிருந்த கடைசிக் காசையும் போட்ட விதவையின் காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், நேரில் ஒன்றைப் பார்த்ததும் தாங்க முடியுமா? விலை சரசரவென்று ஏறியது. நாலு டப்பாவும் போயிற்று.

மத்தியானம் பிரியாணிக்கு முன்பே முதல் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. ஆரோக்கியமேரியும் அவர் வீட்டுக்காரரும் கொண்டுவந்தார்கள்.

"நாங்க இன்னா பண்ணப் போறோம் அண்ணே? உனுக்கோசரம்தான் எடுத்தோம். ஆசீர்வாதத்தோட துன்னு."

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்றும் வந்தன. ஒன்றை லோகுவே கொண்டுவந்தான். கூடவே, இருந்த வைட்டமினை எல்லாம் உருக்கமாகக் காணிக்கை வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறாரோ என்று கவலைப்பட்ட இரண்டு குடும்பங்கள் புது டப்பா வாங்கிவந்தன. நாலு கொடுத்து ஆறு பெற்றார் அண்ணன். கொடுத்தால் பெருகும் என்ற வேத வாக்குத்தத்தம் நிறைவேறுவதை இவ்வளவு சீக்கிரம் யாரும் பார்த்திருக்க முடியாது.

இனி அது வெறும் சத்து இல்லை, ஜெபித்த சத்து. விட முடியுமா? அண்ணன் வேளைக்கு இரண்டாக ஏற்றினார். அடுத்த சோதனையில் கால்சியமும் ஏறியது.

எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அண்ணன் ஒரு டப்பாவை வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு எடுத்துப் போனார். டெக்னீஷியன் கிறிஸ்டினா ஊசியைக் குத்தி, மெஷினை ஓடவிட்டு நகர்ந்ததும், அதைப் பக்கத்துக் கட்டில் பக்கமாக நீட்டினார்.

"நைனா, இந்தாங்க. சத்து மாத்திர. எங்க சபைல ஜெபம் பண்ணது. ஒரு நாளைக்கு ரெண்டு போடுங்க, தெம்பா இருக்கும்."

வீரராகவன் டப்பாவைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். அவர் வீட்டில் யாரும் எங்கள் பக்கத்து ஆட்கள் கையிலிருந்து வாங்கித் தின்றதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. கையை நீட்டி வாங்கும் காலம் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன், சுற்றிலும் பார்த்து ஒரு காரணம் தேடினார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஈஸ்வரி கண்ணில் பட்டார்.

"எனக்கின்னா, துன்னலாம்பா. டாக்டரம்மா வேணாம்னுட்டா? ஒரு வார்த்த கேட்டுக்குவோம்." சத்தமாகக் கூப்பிட்டார். "மேடம்! ஜெயராஜு பாசமா குடுக்கறான். இத நான் துன்னலாமா, கூடாதா? கூடாதுன்னாலும் பரவால்ல மேடம், சொல்லிருங்க."

டாக்டர் டப்பாவை வாங்கினார். பின்பக்கம் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது யாரோடது?"

"என்னுதுதான் மேடம்."

"நீங்க சாப்பிடுறீங்களா?"

"வேளைக்கு ரெண்டு."

"இது ஒண்ணுதானா?"

"இல்ல மேடம், மீன் எண்ணெ ஒண்ணு, டி தனியா ஒண்ணு, அப்புறம் ஆரோக்கியமேரி குடுத்தது, லோகு குடுத்தது..."

"ஜெயராஜ், நான் எத்தன தடவ கேட்டேன்? வேற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க மேடம். இது மாத்திர இல்லியே. வைட்டமின்."

டாக்டர் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினாள். வீரராகவன் மட்டும் நிம்மதியாக, "அப்போ நான் துன்ன வேணாம்தானே?" என்றார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சில வைட்டமின் தண்ணீரோடு மெஷினில் போய்விடும், அதற்கு ஆஸ்பத்திரி மாத்திரை தனியாக எழுதியிருக்கிறது. மீன் ஈரல் எண்ணெயில் இருக்கும் வைட்டமின் ஏ அப்படிப் போகாது. கிட்னி கெட்டவர்களுக்கு அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கும். மேலே மேலே போட்டால் தோல் உரியும், முடி கொட்டும், தலை வலிக்கும். வைட்டமின் டியை அளவில்லாமல் போட்டால் கால்சியம் ஏறும். கழுத்தை ஸ்கேன் எடுத்தது, ரத்தத்தைக் கிண்டியது, தேதியைத் தள்ளியது, எல்லாம் ஷோகேஸில் நின்றதைத் தேடித்தான்.

நாற்று நட்ட காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தை எட்ட நிறுத்திய அந்தத் தயக்கம், வரலாற்றிலேயே முதன்முறையாக எங்களில் ஒருவர் உயிரைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணன் சொல்லிவிட்டார். அவருக்கு இதெல்லாம் தோன்றாது.

"நைனா கேக்கலன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்," என்றார்.

"நான் எப்பவும் கேட்டுட்டுத்தான் துன்னுவேன்பா," என்றார் வீரராகவன், பெருந்தன்மையோடு.

அன்றோடு டப்பாக்கள் மூடப்பட்டன. இறங்க நாளாகும், கொழுப்பில் தங்கியிருக்கும் என்றார் டாக்டர். அப்படியே ஆயிற்று. மார்கழி வந்தபோது அரிப்பு நின்றது. தைக்கு அப்புறம் சோதனையில் கால்சியம் அளவுக்குள் வந்துவிட்டது. புதுத் தேதி கொடுத்து, இரண்டு பேரையும் கடைசிப் பரிசோதனைக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அந்தச் சமயம் லீவில் வந்திருந்த நானும் ஷைனியோடு கூடப் போனேன். பெட்டியில் பேரீச்சை கூட இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அண்ணன் இந்த முறை தயாராக வந்திருந்தார். "பல்பொடி மேடம் எழுதினதுதான் சார், துப்பிடுவேன். ஞாயித்துக்கிழம திருவிருந்துல அப்பம், நகம் அளவு. திராட்ச ரசம் ஒரு சொட்டு, ஒதட்டுலதான் படும். நேத்து பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு ஒரு பெப்பர்மிட்டு குடுத்தான், வாங்கினேன், பாதில துப்பிட்டேன். மாவடு மோந்து பாத்தேன், துன்னல."

"போதும், போதும்," என்ற டாக்டர் அடுத்த ரிப்போர்ட்டை எடுத்தார். அண்ணியினுடையது. சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா, பிரஷர் பரவாயில்ல, ஓரத்துலயே நிக்குது. ஆனா உங்க கால்சியம் ஏன் ஏறியிருக்கு?"

அண்ணி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"யம்மா," என்றாள் ஷைனி. "யம்மா, என்னப் பாரு. அந்த டப்பாங்கள இன்னா பண்ணின?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"பாஸ்டர் கைல குடுத்துட்டேன்னு சொன்னியே?"

"குடுக்கத்தான் போனேன்டி. ஆசீர்வாதம் பண்ணத திருப்பி வாங்க மாட்டேன்ட்டாரு. வேற ஆருக்குனா குடுன்னாரு. ஆருக்குக் குடுக்க? அவுங்களுக்கும் இன்னா ஆவுமோ." அண்ணியின் குரல் எழும்பியது. "சாமி பொருள குப்பைல போடச் சொல்றியா? ஊர்ல இருக்கறவன் அத்தினி பேரு காசு போட்டு எடுத்தது. வீணாப் போவுதேன்னு நான் தெனம் ஒண்ணு போட்டுக்கினேன். எனக்கு இன்னா கொற, எங் கிட்னிதான் நல்லா கீதே."

மீந்த சோற்றை வீணாக்காமல் தின்று தின்றே பழகிய கை. டப்பாவில் மீந்திருந்தால் மட்டும் விட்டுவிடுமா?

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். நான் பார்த்து அவர் அப்படிப் பார்த்ததில்லை. "ஏம்மே," என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "அது எனுக்கு வேணும்மே. அந்தக் கிட்னி."

அண்ணி எதிர்த்துப் பேசாமல் இருந்தது முப்பது வருஷத்தில் அந்த ஒரு முறைதான் என்று ஷைனி அப்புறம் சொன்னாள்.

தேதி மறுபடி தள்ளிப்போயிற்று. நல்லவேளை, நல்ல கிட்னி என்பதால் அண்ணிக்குச் சீக்கிரம் இறங்கிவிட்டது. பிரஷரும் பெரிய மனசு பண்ணி அங்கேயே நின்றது. டப்பாக்களை ஷைனி கம்பெனி பஸ்ஸில் எடுத்துப்போய், கம்பெனியின் மருந்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். போடும்போது ஒரு ஜெபமும் சொன்னாளாம், யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள.

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கு எனக்குப் போன் வந்தபோது, மஸ்கட்டில் கையிலிருந்த டீயைக் கீழே போட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "சித்தப்பா, அப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துருச்சு!" என்று கத்தினாள் ஷைனி. புதுக் கிட்னி வேலைக்கு வந்துவிட்டது. உலகத்தில் இதைவிட நல்ல செய்தியை நான் கேட்டதில்லை. அடுத்து அன்புசெல்வன் அண்ணிக்குப் போன் செய்து, ஆபரேஷன் ஆன உடம்பு தேறுவதற்கென்றே குவைத்தில் ஒன்று விற்கிறது என்றான். அதற்கு அண்ணி, தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைப் பேசிய பேச்சை எழுத்தில் போட முடியாது.

இப்போது அண்ணன் காலையில் வாசலில் வெயிலில் நிற்கிறார். பாதி வேலையைத் தோல் செய்கிறது. மீதியை அண்ணியின் கிட்னி உள்ளே உட்கார்ந்து முடித்துவைக்கிறது, வீட்டு வேலையைப் போலவே, சம்பளம் இல்லாமல்.

காய்கறித் தண்ணீர் நின்றுபோனதும் வாழை கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஆனாலும் அதற்குள் சேர்த்துவைத்ததெல்லாம் எங்கே போகும்? இந்த ஐப்பசியில் குலை தள்ளிப் பழுத்துவிட்டது. அண்ணி அதை அப்படியே வெட்டி அறுப்பின் பண்டிகையில் வைத்தார். லோகு தொண்டை கிழிய ஏலம் விட்டான். எதிர்பார்த்தபடி ஆரோக்கியமேரிதான் எடுத்தார். எதிர்பார்த்தபடி சாயங்காலம் தார் வீடு வந்து சேர்ந்தது.

அண்ணன் ஒரு பழத்தைப் பிய்த்தார். உரித்தார். இத்தனை வருஷத்தில் முதல் வாழைப்பழம். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார்.

"ஷைனி, அந்த மேடத்துக்கு ஒரு போன் போடும்மா."

"துன்னுய்யா, ஒண்ணுதானே," என்றார் அண்ணி.

"உனுக்கின்னா, ஈசியா சொல்லிருவ. உன் கிட்னிய வெச்சிக்கினு நான் ரிஸ்க் எடுக்க முடியுமா?"

மேடம் போனை எடுத்தார். லேட்டஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டார், ஒரு பழம் சாப்பிடலாம் என்றார். "வேற எதுவும் வேணாம்" என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்ததால் இந்த முறை அது எல்லோர் காதிலும் விழுந்தது.